பெர்மிட் வேண்டுமா? இங்கே வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் வந்த ஒரு திருப்பூர் வாசகரின் கடிதத்துக்குத்தான் இந்தப் பதில். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குள் வர இன்னர் லைன் பெர்மிட் (சில மலை மாநிலங்களுக்குள் போக வெளியார் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டு) மாதிரி ஒன்று கொண்டுவர வேண்டும், அவர்களுக்கு அங்கே ஓட்டும் கூடாது என்று எழுதியிருந்தார். கூலி படியவில்லை என்கிற வயிற்றெரிச்சல் அந்தக் கடிதத்தில் தெரிந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெர்மிட் என்பதை ஏதோ பஸ் டிக்கெட் போல அவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பெர்மிட்டோடு வாழ்கிறவர்களைத் தினமும் பார்க்கிற மொரீசியஸிலிருந்து எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோவிலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி வருவார். சிவகங்கைப் பக்கம் ஊர், இங்கே கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை. வாழையிலையில் ஏழு வகைக் காய்கறி வைத்து 'ஏழு கறி'ச் சாப்பாடு போடுகிற நாளில் தவறாமல் வந்துவிடுவார், எங்கள் சமையல் அவருக்குப் பிடிக்காது, "ருசி நம்ம ஊரு மாதிரி இல்ல சார், ஆனா இலை இருக்கே" என்பார். ஒருநாள் செல்போன் உறைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வேலை அனுமதியின் நகல். அவர் பெயருக்குக் கீழே கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியில் மட்டும்தான் அவர் வேலை செய்யலாம், பக்கத்துத் தெருவில் இருநூறு ரூபாய் கூடக் கிடைத்தாலும் போக முடியாது. பாஸ்போர்ட் எங்கே என்றேன். "ஆபீஸ்ல பத்திரமா இருக்கு சார்." ஓவர்டைம் இரண்டு மாதமாகச் சரியாகக் கணக்கில் ஏறவில்லையாம். ஒரு சின்ன டைரியில் தேதி வாரியாகப் பென்சிலால் மணிக்கணக்கு எழுதி வைத்திருந்தார், அவ்வளவு நேர்த்தி. தொழில் அமைச்சகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, வாருங்கள் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். "போகலாம் சார். அப்புறம் திங்கக்கிழமை பெர்மிட்டைக் கேன்சல் பண்ணிட்டா? ஏஜெண்டுக்குக் கட்டின கடன் இன்னும் பாதி நிக்குது." டைரி திரும்பவும் பைக்குள் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டபோது, "இந்திக்காரப் பசங்க வந்து கம்பி கட்டுற கூலியைக் கெடுத்துட்டாங்க சார், அதான்" என்றார். என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு கிரியோல் (ஆப்பிரிக்க வம்சாவளி) கொத்தனார் இருக்கிறார், இந்தத் தம்பியைப் போன்றவர்களைப் பற்றி அவர் சொல்வதும் இதேதான், ஒரு வார்த்தை மாறாது. அதைச் சொன்னேன். "அதுவும் சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு மோர் வாங்கப் போய்விட்டார்.

எங்கள் முன்னோர்கள் இந்தத் தீவுக்கு வந்ததும் அப்படித்தானே. 1835இல் இங்கே அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் நியாயமான கூலி கேட்டுவிடுவார்கள் என்று கரும்புத் தோட்ட முதலாளிகள் அதற்கு முந்தைய வருடமே இந்தியாவிலிருந்து ஆளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய், ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். ஆக, அன்றைக்குக் கூலியைக் கெடுத்த 'வடக்கன்' யார் என்றால் எங்கள் தாத்தாக்கள்தான்! ஒப்பந்தம் முடிந்த பிறகாவது விட்டார்களா? 1867ஆம் வருடச் சட்டப்படி, ஒப்பந்தம் முடித்தவனும் தன் போட்டோ ஒட்டிய டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், அது இல்லாமல் ரோட்டில் பிடிபட்டால் நாடோடி என்று உள்ளே தள்ளலாம். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் என் பாட்டியின் அப்பா போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். எண், கப்பல், சாதி, உயரம், இடது முழங்காலில் தழும்பு என்று மாட்டுச் சந்தையில் எழுதுவது போல எழுதியிருக்கிறது. 1871இல் 9,401 பேர் கையெழுத்திட்டு ஆளுநருக்கு மனு கொடுத்து, அடுத்த வருடம் லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்த பிறகுதான் அந்தக் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது.

சரி, இப்போது நாங்கள் யோக்கியமா என்றால் இல்லை. 1968இல் வந்த எங்கள் அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு இனம், சாதி, பூர்வீக இடம், நிறம், சமயம் எதை வைத்தும் பாகுபாடு கூடாது என்கிறது. படிக்க ஆனந்தமாக இருக்கும். அதே பிரிவில் நாலாவது உட்பிரிவுக்கு வந்தால், குடிமக்கள் அல்லாதவர்களைப் பற்றிய சட்டங்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்தான் பங்களாதேஷ் தையல்காரரும் மடகாஸ்கர் பெண்ணும் சிவகங்கைத் தம்பியும் நிற்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, காமன்வெல்த் நாட்டுக்காரர் இரண்டு வருடம் இங்கே குடியிருந்தால் 42ஆம் பிரிவின்படி ஓட்டுப் போடலாம். நாட்டை ஆள்கிறவரைத் தேர்ந்தெடுக்கலாம், தன் முதலாளியைத் தேர்ந்தெடுக்க முடியாது! 1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று நாங்கள் கொதித்தெழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தோம். அந்தக் குரலில் கால்வாசிகூட இந்தத் தொழிலாளிகளுக்காக எழும்பவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் நிலைமை வேறு. பீகாரிலிருந்து திருப்பூர் வருகிறவர் வெளிநாட்டுக்காரர் இல்லை, குடிமகன். இந்திய அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு அவருக்கு நாட்டில் எங்கும் போக, தங்க, தொழில் செய்ய உரிமை கொடுத்திருக்கிறது. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் யாருக்கும் ஓட்டு, சென்னையில் இருக்கும் மதுரைக்காரருக்கும் அதே விதிதான். மகாராஷ்டிரத்தில் ஐந்து வருடம் குடியிருந்தவர்களுக்குத்தான் சினிமா ஒப்பனைக் கலைஞர் சங்கத்தில் இடம் என்ற விதியை 2014இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தனியார் வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்ற ஹரியானா சட்டமும் 2023இல் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. இன்னர் லைன் பெர்மிட் என்பது 1873இல் வெள்ளைக்காரன் போட்ட ஒழுங்குமுறையிலிருந்து வந்தது, இன்று அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போன்ற சிறிய மலை மாநிலங்களில், அங்குள்ள பழங்குடிகள் எண்ணிக்கையில் கரைந்துவிடக் கூடாது என்று இருக்கிறது. ஏழு கோடிப் பேர் இருக்கும் தமிழ்நாடு அதைக் கேட்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. பம்பாயில் 1960களில் சிவசேனா மதராசிகளை விரட்டியபோது அடிபட்டவர்களில் நம் ஆட்களும் உண்டு, அதை மறந்தா போனோம்?

கூலி குறைவது உண்மைதான். அதற்கு மருந்து 1979ஆம் வருடத்துச் சட்டத்திலேயே இருந்தது: வெளிமாநிலத் தொழிலாளிக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது, ஒப்பந்தக்காரருக்கு உரிமம் வேண்டும். கூலி ஒன்றானால் ஆளை மாற்றி முதலாளிக்கு என்ன லாபம்? பெர்மிட் வந்தால் நேர் எதிராக நடக்கும். அந்தத் தாள் போய்விடுமோ என்று பயப்படுகிறவன் கூலி கூடக் கேட்க மாட்டான், இன்னும் மலிவாகத்தான் கிடைப்பான், அதில் நசுங்கப் போவது திருப்பூர் வாசகரின் கூலியும்தான். அவர் கோபப்பட வேண்டிய இடம் தொழிலாளர் நலத் துறை ஆய்வாளரின் மேசை, ரயில்வே ஸ்டேஷன் அல்ல.

பிரசுரித்தால் என் பெயரையும் கோவில் பெயரையும் போட வேண்டாம். இங்கே தமிழ் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், என்னைக் கண்டுபிடித்தால் அந்தத் தம்பியையும் கண்டுபிடித்துவிடுவார்கள், அவருக்கு இன்னும் ஏழு மாதம் பெர்மிட் பாக்கி இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்