பேசி முடிக்கப் போகாதீர்கள், வக்கீலைக் கூப்பிடுங்கள்

இராமேசுவரம் தீவு முதல் தொண்டி வரைக்கும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் உள்ள மீனவர் சங்கத் தலைவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்ணின் மகள் நான். இலங்கைக் கடற்படை நம் படகைப் பிடித்தால் அன்றைக்கே சங்கம் கூடுகிறது. வேலைநிறுத்தம், உண்ணாவிரதம், கலெக்டரிடம் மனு என்று ஊரே திரள்கிறது. அதே பையனை நம் கரையிலேயே பிடித்துக்கொண்டு போனால், சங்கத்து அண்ணன் ஒருவர் "பேசி முடிச்சிட்டு வாரேன்" என்று கிளம்புகிறார். அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த மடல்.

பிடிக்கத் தடையுள்ள கடலடி உயிரினமான கடல் அட்டையை எடுத்ததாக என் தம்பியைப் பிடித்தார்கள். கடலிலிருந்து ஏறிய கோலத்தில், கைலியில் உப்புப் பூத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வெளியே வேப்பமரத்தடியில் அம்மா, மடியில் தூக்குவாளியோடு. உள்ளே போய் வந்த அண்ணன், "கேட்ட இடத்துல கையெழுத்துப் போட்டா சாயங்காலம் விட்ருவாங்க தாயி" என்றார். தம்பி போட்டான். மூன்று தாள். ஒன்றில் பாதிக்குக் கீழே எழுத்தே இல்லை என்று பிறகு சொன்னான். சாயங்காலம் விடவில்லை. மறுநாள் மாஜிஸ்திரேட் "வக்கீல் இருக்காரா?" என்று கேட்க, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டியிருக்கிறான். வக்கீல் என்றால் அம்மாவின் தோடு போய்விடும் என்று பயந்திருக்கிறான். ரிமாண்ட் ஆனது. தோடும் போனது, ஜாமீனுக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வந்த ஒரு புரோக்கரிடம்.

அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. தொழிலை விட்டுவிட்டு எங்களுக்காக நாள் முழுக்க நின்றவர். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவன் அட்டை எடுத்தானா என்பதை வழக்கு தீர்க்கட்டும். எடுத்தவனுக்கும் வக்கீல் உண்டு.

2001-லிருந்து கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தடைப்பட்டியலில் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். குற்றம் உறுதியானால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 7 ஆண்டு வரை போகலாம் என்பது எத்தனை வீட்டில் தெரியும்? இன்னொன்றும் உண்டு. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்க முடியாது. வனத்துறை அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு அந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. தீவுகளைச் சுற்றித் தொழில் பார்க்கும் நமக்கு இதைவிட அவசியமான சேதி வேறில்லை. அதனால்தான் கையெழுத்துக்கு முன்னால் வக்கீல் வேண்டும் என்கிறேன்.

அதற்குக் காசு வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே இந்த உரிமை தொடங்கிவிடுகிறது என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் தம்பி "வசதியில்லை ஐயா, வக்கீல் வேணும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது. விசாரணை நேரம் முழுக்க இல்லாவிட்டாலும், இடையே தன் வக்கீலைப் பார்க்கவும் உரிமை இருக்கிறது. போகிற அண்ணன் இவற்றைக் கேட்டாலே போதும். சண்டை போட வேண்டியதில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. ஆள் பிடிபட்டார் என்று தெரிந்ததும் முதல் போன் 15100-க்குப் போகட்டும். இலவச சட்ட உதவி எண் அது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இராமநாதபுரத்தில் இருக்கிறது, இராமேசுவரம் ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியில் அலைந்து தேட முடியாது என்பதால் போன்தான் வழி. ஊருக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று பெயர் கொடுத்து, சட்ட உதவித் தன்னார்வலர் பயிற்சி கேட்டு அந்த ஆணைக்குழுவுக்குச் சங்கத்தின் லெட்டர்பேடில் மனு எழுதுங்கள். பாசிக்குப் போகும் பெண்களிடமிருந்து ஒருத்தி கட்டாயம் இருக்கட்டும். அவர்களையும் மடக்குகிறார்கள், பாசியையும் பிடுங்கிக்கொள்கிறார்கள், ஆனால் அவர்களுக்குச் சங்கத்தில் நாற்காலி இல்லை.

எங்கள் ஊர் மனுவை எழுதி வைத்திருக்கிறேன், தலைவர் கையெழுத்துதான் பாக்கி. ஏலக்கூடத்துச் சுவரில் அந்த எண்ணைப் பெரிதாக எழுத பெயின்ட் டப்பா வாங்கியாயிற்று. அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோடு வருகிறேன். எந்தச் சுவர் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடற்கரைப் பிள்ளை