மேட் ஐயா எழுத வைத்த நோட்டு: ஒரு நன்றி மடல்

வணக்கம்.

போன மாசியில் பொம்மிடிக்கும் புட்டிரெட்டிப்பட்டிக்கும் நடுவே, தண்டவாள வேலையில் என் வீட்டுக்காரருக்குக் காலில் அடிபட்டது. அன்றிலிருந்து கை கொடுத்தவர்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் வந்து சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் இந்த மடல். பேர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரையும் போடவில்லை, மனத்தாங்கல் வேண்டாம்.

முதல் நன்றி, அடிபடுவதற்கு ஒன்றரை வருடம் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தவருக்கு. கேங் என்கிற தண்டவாள வேலைக் குழுவுக்கு மேட்டாக, அதாவது மேஸ்திரியாக இருந்து ரிட்டயர்டு ஆன ஐயா. ஒரு ஆடி மாதச் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "கேங்மேன் பொண்டாட்டி தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது கொஞ்சம் இருக்கும்மா, ஒரு நோட்டு எடு" என்றார். ஊழியர் எண், சம்பளப் பட்டியலின் பில் யூனிட் எண், பி.எஃப். நம்பர், ரத்த வகை, செக்‌ஷன் இன்ஜினியர் ஆபீஸ் போன், சங்கக் கிளைச் செயலாளர் போன், எல்லாம் என் கையெழுத்திலேயே எழுத வைத்தார். "அவன் எழுதினா அவனுக்குத்தான் புரியும்."

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "அடிபட்டுட்டான்னு போன் வந்தா என்ன கேப்பே?"

"உசுரு இருக்கான்னு கேப்பேன்."

"அது எல்லாரும் கேக்கறது. எந்த ஆஸ்பத்திரி, கூட யார் போறாங்க, அந்த ஆளு போன் நம்பர் என்ன, இந்த மூணையும் கேளு."

விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று என் மாமியார் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். ஐயா போன பிறகு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். எனக்கும் கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னபடி வாரிசு நியமனத்தைப் பார்த்தோம். கல்யாணத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவர் என்பதால் எல்லாவற்றிலும் மாமியார் பேரே இருந்தது. மாற்றிக் கொடுத்தோம். மாமியார் இரண்டு நாள் பேசவில்லை, அது தனிக் கதை. சம்பளக் கணக்கை இருவரில் யாரும் பணம் எடுக்கிற மாதிரி செய்துகொண்டோம்.

அடிபட்ட அன்று நகர்த்தியது முழுத் தண்டவாளம்கூட இல்லை. மீட்டருக்கு 60 கிலோ, மூன்று மீட்டர் வெட்டுத் துண்டு, 180 கிலோ. பிடி நழுவி வலது கால் மேல் விழுந்திருக்கிறது. லைனை நடந்து சோதிக்கிற கீமேன் அண்ணன் சிவப்புக் கொடியைக் கம்பிலிருந்து உருவி, முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டியிருக்கிறார். ஆம்புலன்ஸ் லைனுக்குள் வர வழியில்லை. கேங் ஆட்கள் ஆறு பேர் ரயில்வே கேட் வரைக்கும் தோளில் தூக்கி ஓடியிருக்கிறார்கள். அந்த ஆறு பேருக்கும், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

எனக்குப் போன் வந்தபோது அந்த மூன்று கேள்வியையும் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றும் ஞாபகம் இல்லை.

பிறகு பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் உள்ளே போகும் முன் அங்கிருந்த நர்ஸ் அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தி, "காலைப் பார்க்காதீங்க, முதல்ல முகத்தைப் பாருங்க. அவர் உங்க முகத்தைத்தான் பார்ப்பார்" என்றார். என் மகள் வந்தபோது நானும் அதையே சொன்னேன். அவள் கேட்கவில்லை. நேராகப் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வலிக்குதாப்பா?" என்றாள். அவர் அன்றுதான் அழுதார்.

சங்கத் தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இடையில் காட்டிய ஓர் இடத்தில் கொடுத்த சீட்டில், "தவறி விழுந்ததில் காயம்" என்று மட்டும் எழுதியிருந்தது. வேலை நேரம் என்றோ தண்டவாளம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. நான் மடித்து வைத்துவிட்டேன். தம்பிதான் ஏ.ஆர். காப்பியோடு, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகலோடு வைத்துப் பார்த்து, திரும்ப எடுத்துப் போய்த் திருத்தி வாங்கி வந்தார். பணியில் ஏற்பட்ட காயம் என்று பதிவானால் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளெல்லாம் முழுச் சம்பளம், வெளியே வந்த பின் 6 மாதம் முழுச் சம்பளம், அதற்கு மேல் 12 மாதம் பாதிச் சம்பளம். அந்த ஒரு வரியில் இவ்வளவு இருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி 2 வருடத்துக்குள் மனுப் போட வேண்டியிருந்தது என்பதும், கையில் வாங்கும் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 அறிவிப்புப்படி இழப்பீட்டுக் கணக்குக்கு மாதம் 15,000 ரூபாய்தான் அப்போது எடுத்தார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். கேட்டதும் சப்பென்று ஆனது, ஆனாலும் மனு போட்டாயிற்று.

வேலை போய்விடும் என்று பயந்து இவர் தூங்காமல் கிடந்த ராத்திரிகளில், அதே தம்பி போனில் 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை எடுத்துச் சொல்வார். பணியில் இருக்கும்போது ஊனம் வந்தவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். ஒரே சங்கதியை நாலு தடவை கேட்பார் இவர், நாலு தடவையும் சலிக்காமல் சொல்வார்.

இப்போது செயற்கைக் காலில் வாசல் வரை நடக்கிறார். குவார்ட்டர்ஸ் பெண்கள் சிலர் வந்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். மற்றவர்களும் வாருங்கள். இப்போது மாமியாரே எடுத்துக் கொடுக்கிறார்.

கடைசியாக, நாங்கள் பெரம்பூரில் இருந்த நாட்களில் பிள்ளைகளுக்குச் சோறு கொண்டு வந்தவர்களே, உங்கள் தூக்குச் சட்டிகள் நாலும் குழம்புக் கிண்ணம் இரண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றின் அடியில் ‘கா.மு.’ என்று வெட்டியிருக்கிறது, மற்றதில் எதுவும் இல்லை. யாருடையது என்று பிள்ளைகளுக்கும் சொல்லத் தெரியவில்லை. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிராக்மேன் வீட்டம்மா,
பொம்மிடி, தருமபுரி மாவட்டம்