விமானம் வரைக்கும் எப்படிப் போவது?

ஆசிரியருக்கு, வணக்கம்.

வெளிநாட்டில் போர் மூண்டால் எத்தனை விமானம் போனது, எத்தனை பேர் மீண்டார்கள் என்ற கணக்குதான் செய்தியாகிறது. சரி, அதுவும் தேவைதான். ஆனால் விமானம் நிற்கும் இடம் வரை அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

2023 ஏப்ரலில் சூடானில் சண்டை வெடித்ததுமே தலைநகர் கார்ட்டூமின் விமான நிலையம் முடங்கிவிட்டது. மிச்சமிருந்த வழிகளில் முக்கியமானது போர்ட் சூடான் துறைமுகம். சாலையில் 800 கிலோமீட்டருக்கு மேல். பேருந்து அமைய வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், வழிமறிக்கும் ஆயுதக்காரர்களைத் தாண்ட வேண்டும். அப்புறம்தான் சவுதி அரேபியாவின் ஜெட்டாவுக்குக் கப்பலோ விமானமோ. விசாவுக்காக சூடானியர்கள் அயல்நாட்டுத் தூதரகங்களில் கொடுத்திருந்த பாஸ்போர்ட்டுகளின் கதை இன்னும் மோசம். தூதரகங்களைப் பூட்டிவிட்டுப் போனதில் அவை உள்ளேயே மாட்டிக்கொண்டன. அமெரிக்கத் தூதரகம் கையிலிருந்தவற்றை அழித்தே விட்டது. தன் ஆட்களைப் பத்திரமாக வெளியேற்றியவர்கள், அடுத்தவர் தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டுப் போனார்கள்.

எச்சரிக்கை எழுதும் விதமும் அப்படித்தான். 2022 பிப்ரவரி 15 அன்று உக்ரைன் தலைநகர் கீவிலிருந்த இந்தியத் தூதரகம், தங்கியே ஆக வேண்டும் என்றில்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி யோசிக்கலாம் என்றது. 'யோசிக்கலாம்' என்றால் மாணவர் என்ன செய்வார்? ஆன்லைன் வகுப்பு உண்டா என்று கல்லூரியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தப் பதிலுக்குக் காத்திராமல் கிளம்புங்கள் என்ற அறிவிப்பு 22ஆம் தேதிதான் வந்தது. 24ஆம் தேதி வான்வெளி மூடப்பட்டது. பிறகு போலந்து எல்லைக்குக் குளிரில் பல கிலோமீட்டர் நடை.

தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யாதது மக்களின் தப்பு என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. பாதி உண்மை. விசா காலாவதியான தொழிலாளி, பதிவு செய்தால் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து ஒதுங்குகிறார். பேருந்து பிடித்துக் கொடுக்க நிறுவனம் இல்லாதவரும் பெரும்பாலும் அவர்தான். பதிவு விவரம் உள்ளூர்க் காவல்துறைக்குப் போகாது என்று வெளிப்படையாக உறுதி சொன்னால் எத்தனையோ பேர் முன்வருவார்கள்.

அடுத்த முறை மீட்பு பற்றி எழுதும்போது, 'கிளம்புங்கள்' என்று தூதரகம் தெளிவாகச் சொன்னது எந்தத் தேதியில், விமான நிலையம் மூடியது எந்தத் தேதியில் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்