ரிப்ளை வந்துவிட்டது, ஆன்சர் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ‘ஆன்சர், ரிப்ளை, ரெஸ்பாண்ட் மூன்றுக்கும் பொருள் பதில், எதை எங்கே போட்டாலும் தவறில்லை’ என்று ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. அகராதியில் மூன்றுக்கும் நேரே ‘பதில்’ என்று போட்டிருப்பது உண்மைதான். ஆனால் இடம் மாற்றிப் போட்டால் இலக்கணமும் இடறும், பொருளும் இடறும்.

முதலில் இலக்கணம். ஆன்சர் வினைச்சொல்லாக வரும்போது செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும்: ‘ஆன்சர் மீ’, ‘ஆன்சர் த கொஸ்டின்’. நடுவில் ‘டு’ கிடையாது. ரிப்ளை, ரெஸ்பாண்ட் இரண்டிலும் யாருக்கு, எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் ‘டு’ கட்டாயம்: ‘ரிப்ளை டு மீ’. நம் பிள்ளைகள் இதைத் தலைகீழாக எழுதுவார்கள். ‘ரிப்ளை மீ சூன்’ என்பது கைப்பேசியில் தினமும் பார்க்கிற பிழை. மறுபுறம், ‘எனக்குப் பதில் சொன்னான்’ என்று தமிழில் நான்காம் வேற்றுமை வருவதால் ‘ஹி ஆன்சர்ட் டு மீ’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஐ ஆன்சர் டு த ஹெட்மாஸ்டர்’ என்றால் தலைமையாசிரியர் கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறேன் என்றா பொருள்? அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன், என் வேலைக்கு அவரிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று பொருள். ‘ஆன்சர் பேக்’ என்றால் எதிர்த்துப் பேசுவது. பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் ஆன்சருக்கும் ‘டு’ உண்டு. ‘ஆன்சர் ஆஃப் த கொஸ்டின்’ என்பது தவறு.

இனி பொருள். ஆன்சர் என்பது கேட்டதைத் தீர்த்துவைப்பது. ரிப்ளை என்பது சொன்னவருக்குத் திருப்பிச் சொல்வது. அது கேட்டதைத் தீர்க்கலாம், தீர்க்காமலும் போகலாம். அதனால்தான் வினாத்தாளில் ‘ஆன்சர் ஆல் த கொஸ்டின்ஸ்’ என்றிருக்கிறது. அங்கே ரிப்ளை வராது. மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20, குறியிடாதவை 230. முதல் வகைக்கு அமைச்சர் வாய்மொழியாகவும் இரண்டாவதற்கு எழுத்திலும் தருவது ஆன்சர். குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது நாள்கணக்கில் விவாதம் நடந்து, முடிவில் பிரதமர் பேசுவது ரிப்ளை. நம் சட்டமன்றச் செய்திகளிலும் கேள்விக்கு ‘பதில்’, மானியக் கோரிக்கை விவாதத்துக்கு ‘பதிலுரை’ என்றுதான் எழுதிவருகிறோம். தமிழில் சரியாகச் செய்வதை ஆங்கிலத்தில் ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்?

இந்த வேறுபாடு பள்ளியில் படித்த ‘எண்வகை விடை’யிலேயே இருக்கிறது. நன்னூல் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றையும் முதலில் வைக்கிறது; இவை நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் பொருளால் விடையாக ஏற்றுக்கொள்ளப்படுபவை. ‘கடைக்குப் போவாயா?’ என்றதும் ‘போவேன்’ என்றால் ஆன்சர், சந்தேகமே இல்லை. ‘கால் வலிக்கிறது’ என்றால் அது ரிப்ளை. போகமாட்டான் என்பதைக் கேட்டவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனால் அது ரெஸ்பான்ஸ். நன்னூலார் இந்த மூன்றாவதைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் எழுதியது சொல்லுக்குத்தானே இலக்கணம்!

ரெஸ்பான்ஸுக்குப் பேச்சே தேவையில்லை. மருந்துக்கு உடல் ரெஸ்பாண்ட் செய்யும், மணியடித்தால் தீயணைப்பு வண்டி ரெஸ்பாண்ட் செய்யும். தலையில் அடிபட்டவரின் நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல் 1974இல் வந்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். எதற்கும் அசையாதவருக்கும் 3 உண்டு. நகக்கண்ணை அழுத்தும்போது கையை இழுத்துக்கொண்டால் அது ரெஸ்பான்ஸ். அதை ரிப்ளை என்று எந்த மருத்துவரும் எழுதமாட்டார். அறிவியல் பாடநூலில் ‘தூண்டல் – துலங்கல்’ என்று வருகிறதே, அந்தத் துலங்கல் இதுதான். கருத்துக்கணிப்புச் செய்தியில் ‘ரெஸ்பாண்டன்ட்ஸ்’ என்றால் பதிலளித்தவர்கள்; ஆனால் நீதிமன்றச் செய்தியில் ரெஸ்பாண்டன்ட் என்றால் எதிர்மனுதாரர். அவர் வாயே திறக்காவிட்டாலும் எதிர்மனுதாரர்தான். அங்கே ‘பதிலளித்தவர்’ என்று மொழிபெயர்த்தால் செய்தியே தவறாகிவிடும்.

நீதிமன்றத்தில் இந்தச் சொற்களுக்கு வரிசைமுறை உண்டு. ரிட் வழக்கில் மனுவுக்கு எதிர்தரப்பு தாக்கல் செய்வது கவுண்டர். அந்தக் கவுண்டருக்கு மனுதாரர் தருவது ரிஜாய்ண்டர். ஆக, ரிஜாய்ண்டர் என்பது பதிலுக்குப் பதில். பத்திரிகை அலுவலகங்களில் மட்டும், வந்த செய்தியை மறுத்து ஒருவர் அனுப்பும் கடிதத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. ரிடார்ட் என்றால் சுருக்கென்று, சினத்தோடு திருப்பிக் கொடுப்பது. ரிபோஸ்ட் வாள்சண்டையிலிருந்து வந்த சொல், தடுத்த கையோடு குத்துவது. ‘பதிலடி’ இந்த இரண்டுக்கு மட்டுமே பொருந்தும். ‘ரிப்ளைட்’ என்று வந்த சாதாரண செய்திக்கெல்லாம் ‘பதிலடி’ என்று தலைப்புப் போடுவது சொல்லாத கோபத்தைச் சொன்னவர் வாயில் திணிப்பதாகும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு செய்பவர்களுக்கு இதில் கைமேல் பலன் உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(1) பிரிவுப்படி 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும். ‘கோப்பு பரிசீலனையில் உள்ளது’ என்று ஒற்றை வரியில் கடிதம் வந்தால் ரிப்ளை வந்துவிட்டது, ஆன்சர் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள் அந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். கடிதமே வராவிட்டால் மறுக்கப்பட்டதாகக் கருதி, கெடு முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ‘நோ ரிப்ளை’ என்று எழுதினால், கடிதம் கொடுத்ததற்கான ஒப்புகை அட்டையை அலுவலகம் எடுத்து நீட்டும். ‘ரிப்ளை கிடைத்தது, கேட்ட தகவல் இல்லை’ என்று எழுதுவதே சரி.

அலுவலக மின்னஞ்சல்களில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்பது இந்தியாவில் பதிலனுப்பு என்ற பொருளில் வேரூன்றிவிட்டது. நமக்குள் எழுதிக்கொள்வதை நான் குறைசொல்லவில்லை. லண்டனுக்கு எழுதும்போது வேண்டாம். அங்கே ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. நம் அரசு அலுவலகங்களிலேயே ‘அவரை ரிவர்ட் பண்ணிட்டாங்க’ என்றால் பதவியிறக்கம்தான்!

கடைசியாக, செய்திப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். டினை, ரெஃப்யூட், டிக்ளைன் மூன்றுக்கும் நாம் ‘மறுத்தார்’ என்றே போடுகிறோம். டினை என்றால் மறுத்தார், சரி. ரெஃப்யூட் என்றால் ஆதாரம் காட்டித் தவறென்று நிறுவினார் என்பது கறாரான பொருள். ஆங்கிலச் செய்தியாளர்களே இதைத் தளர்வாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதால், செய்தியில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ‘மறுத்தார்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘டிக்ளைன்ட் டு காமென்ட்’ வரும் இடத்தில் ‘கருத்துக் கூற விரும்பவில்லை’ என்று எழுதுங்கள். ‘மறுத்தார்’ என்று தலைப்பில் சுருக்கினால், அவர் குற்றச்சாட்டையே மறுத்துவிட்டதாக வாசகர் எடுத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.