ஆற்று விலாங்கின் கல்

அன்புள்ள குமார்,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம், அக்காவின் முழங்கால் இப்போது தேவலை. சோடாபுட்டி போன வாரம் கூப்பிட்டான், உன்னைத்தான் முதலில் விசாரித்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று என் மேஜையில் இரண்டு விலாங்குகள். இரண்டும் அரை மீட்டர் நீளம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று ஆற்றின் மேல்பகுதியில் பிடித்தது, மற்றது கழிமுகத்தில். மண்டையைத் திறந்து செவிக்கல்லை எடுத்தேன். நீ இன்னமும் 'காதெலும்பு' என்றுதான் சொல்வாய். அது எலும்பு இல்லை, சுண்ணாம்புக் கல் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் ஆற்று விலாங்கின் கல் கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது.

தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். வருஷத்துக்கு ஒரு வளையம் என்று கணக்கு. கழிமுகத்துக் கல்லில் 7 வளையங்கள், ஒவ்வொன்றும் தாராளமான அகலம். ஆற்றுக் கல்லில் 13. உள்ளே இருந்தவை பரவாயில்லை, விளிம்புப் பக்கம் போகப் போக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. மூன்று தடவை எண்ணினேன்.

காரணம் எளிதுதான். கழிமுகத்தில் இரை அதிகம், அதனால் விலாங்கு சீக்கிரம் நீளும். ஆற்றில் மெதுவாகத்தான் நீளும். ஆனால் உடம்பு தேங்கினாலும் கல் தேங்குவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டே இருக்கும். படிந்தது மறுபடி கரைவதும் இல்லை. பட்டினியில் எலும்பையே கரைத்துக்கொள்கிற விலாங்கு இந்தக் கல்லை மட்டும் தொடாது. அதனால்தான் ஒரே நீளமுள்ள இரண்டில் மெதுவாக வளர்ந்ததன் கல் பெரிதாக இருக்கிறது.

எந்த நீரில் இருந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் அதிகம், ஆற்றுநீரில் பொதுவாகக் குறைவு, அது கல்லிலும் படியும். கல்லின் நடுவிலிருந்து விளிம்புவரை அளந்துகொண்டே போனால், கடலில் பிறந்த குஞ்சு எப்போது ஆற்றுக்குள் நுழைந்தது என்று சொல்லிவிடலாம். 'விலாங்கு ஆற்றுக்கு வந்தே தீரும்' என்று நம் வாத்தியார் கரும்பலகையில் கோடு போட்டு எழுதினாரே, நினைவிருக்கிறதா? 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர் சுகமோட்டோவும் உடனிருந்தவர்களும் கடலில் பிடித்த ஜப்பானிய, ஐரோப்பிய விலாங்குகளின் கற்களை இப்படித்தான் அளந்தார்கள். சில விலாங்குகள் ஆற்றை எட்டிக்கூடப் பார்த்ததில்லை! வாத்தியார் இருந்திருந்தால் அன்றைக்கே கோட்டை அழித்திருப்பார், அந்த மனசு அவருக்கு உண்டு.

குமார், எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நீளத்தை வைத்து வயதைச் சொல்ல நாங்கள் ஒரே சூத்திரத்தைத்தான் எல்லா நீருக்கும் போடுகிறோம். கழிமுகத்து மீன்களை வைத்துப் போட்ட கணக்கு, ஆற்று விலாங்குக்கு ஆறு வருஷத்தை விழுங்கிவிடுகிறது. சீக்கிரம் வளர்கிற மீன், பிடித்தாலும் ஈடுகட்டிவிடும் என்று நினைத்துவிடுவார்கள். அது எப்படி ஈடுகட்டும்? விலாங்கு முட்டையிடுவது வாழ்நாளில் ஒரே தடவை, அதுவும் கடைசியில், கடலுக்குத் திரும்பிப் போய். ஐரோப்பிய விலாங்கு அழியும் விளிம்பில் இருப்பதாக 2008-இலேயே IUCN-இன் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. என் மேஜையில் கிடந்தது ஒரு பெண். 13 வருஷம் காத்திருந்தவள், கடல் திரும்பாமலே போய்விட்டாள்.

ஆற்றுக்கு ஒன்று, கழிமுகத்துக்கு ஒன்று என்று கணக்கைப் பிரித்துப் போடப் போகிறேன். எண்களை இதோடு அனுப்பியிருக்கிறேன். கல்லூரியிலேயே என் கூட்டலைத் திருத்தியவன் நீ, இதையும் பார்த்துக் கொடு. தாட்சண்யம் வேண்டாம்.

அப்புறம், இரண்டு கற்களையும் ஒரே கண்ணாடித் தகட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். நேரில் வந்து பார். வரும்போது என் பழைய லென்ஸைக் கொண்டு வா, 15 வருஷமாக உன்னிடமே இருக்கிறது.

அன்புடன்,
ரவி