பின்கட்டுத் தாழ்ப்பாள்

தேவகோட்டை,
கார்த்திகை 14

அன்புள்ள கயலுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்குக் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரவில் அதிக நேரம் கண்விழிக்காதே. மோட்டாரைப் பழுது பார்த்தாகிவிட்டது, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

அம்மாவைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று மூன்று வாரங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று வீடியோ அழைப்பில் அவள் உன்னைச் சின்னம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ரயில் ஏறிவிட்டாயா என்று கேட்டபோது, நீ சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாய். அதன்பின், மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டுச் செய்தி மட்டும் வருகிறது. உனக்கு வேலை அதிகம் என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரத்து நாள்காட்டித் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். பால் கணக்கில் ஒரு நாளும் பிசகாதவள், ஒரே தேதியின் கீழ் ஏழு முறை அரை லிட்டர், அரை லிட்டர் என்று எழுதியிருக்கிறாள். ஏழாவது வரி தாளை விட்டுச் சுவரில் இறங்கியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. மருத்துவர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்ன பிறகுதான் கிருமித்தொற்று என்று தெரிந்தது. மருந்து தொடங்கி ஐந்தாம் நாள், பால்காரரிடம் இரண்டு நாள் கணக்கு இடிக்கிறது என்று வாசலில் நின்று கேட்டாள். முழுவதும் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாலையானால் இன்னும் சிறிது தடுமாறுகிறாள். தெளிய வாரக்கணக்கில் ஆகலாம் என்கிறார் மருத்துவர்.

சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமிக்குத் தலையில் என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. முப்பத்தொரு ஆண்டு விலங்கியல் நடத்தியவன் நான். மூளை ஒரு கோட்டை, அதன் இரத்தக்குழாய்ச் சுவரே மதில், நோயெதிர்ப்புச் செல்கள் அந்த மதிலைத் தாண்டுவதில்லை என்று கரும்பலகையில் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தேன். 1885இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் விலங்கின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தியதையும், உடம்பெல்லாம் நிறமேறி மூளை மட்டும் வெளுத்திருந்ததையும் நான் சொல்லாத வகுப்பே இல்லை. அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913இல் அதைத் திருப்பிச் செய்து பார்த்தார். மூளைத் தண்டுவடத் திரவத்தில் நீலச் சாயத்தைச் செலுத்தியபோது மூளை நீலமானது, மற்ற உறுப்புகள் நிறமேறவில்லை. அந்தக் கோல்ட்மன் அறுவை மருத்துவராக இருந்த ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரிலேயே என் மகள் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவை ஆராய்கிறாள் என்று வங்கி வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே நீ சென்ற ஆண்டு அனுப்பிய கட்டுரைகளை அகராதியை வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். நான் நடத்திய பாடத்தில் வயதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருவர் மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களை நீட்டிவைத்தால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வருமாமே. இங்கிருந்து சென்னைக்குப் போனாலும் மிச்சம் இருக்கும். அவ்வளவு நீள மதிலும் எழுபது வயதில் இருபது வயதின் இறுக்கத்தோடு எப்படி இருக்கும்? செல்களைத் தைத்து வைத்திருக்கும் இணைப்புகள் தளர்கின்றன, குழாயைத் தழுவிக் காக்கும் பெரிசைட் செல்கள் குறைகின்றன. 2015இல் லாஸ் ஏஞ்சலஸில் உயிரோடு இருப்பவர்களின் மூளையைப் படமெடுத்து, வயது கூடக் கூடக் கசிவு அதிகமாவதை நினைவாற்றலுக்கு உரிய ஹிப்போகாம்பஸில் கண்டார்கள். மதில் இடிந்து விழுவதில்லை, காவலின் முறை மாறுகிறது என்பதை 2020இல் எலிகளில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இளம் எலியில் இரத்தப் புரதங்கள் தமக்குரிய ஏற்பிகளின் வழியாக ஆளறிந்து உள்ளே விடப்படுகின்றன, முதிய எலியில் வந்ததையெல்லாம் வாரி உள்ளே கொண்டுபோகும் வழி மிகுந்துவிடுகிறது. முதிய எலியின் மூளையில் புதிய நரம்புச் செல்கள் பிறக்கும் இடத்திலேயே டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் புகுந்து தங்கிவிடுவதை 2019இல் கண்டிருக்கிறார்கள். மூளையுறையில் நோயெதிர்ப்புச் செல்கள் போய்வரும் நிணநீர் நாளங்கள் உண்டு என்பதே 2015இல்தான் உறுதியாகியிருக்கிறது. அதற்கு முன்பே நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மூளைக்கு நிணநீர் நாளம் இல்லை என்று நான் எழுதிக்கொடுத்த குறிப்பை எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்களோ.

அம்மாவின் தலைக்குள் கிருமி போகவில்லை, தொற்றின் கூக்குரல்தான் போனது என்று புரிந்துகொண்டேன். சிறுநீர்ப்பையில் நடந்த சண்டையில் எழுந்த, நோயெதிர்ப்புச் செல்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் சைட்டோகைன் புரதங்களின் சேதி தளர்ந்த மதிலில் எட்டியதும், வயதினால் ஏற்கெனவே சினந்திருந்த மைக்ரோகிளியா அளவுக்கு மீறிப் பதில் கொடுத்துவிட்டது. நான் புரிந்துகொண்டது சரியா? இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியுள்ளவள் நீ. டெலிரியம் என்னும் இந்தத் திடீர்த் தடுமாற்றம் ஒருமுறை வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் படித்தேன். நீ அதை எனக்கு முன்பே அறிந்திருப்பாய். அறிந்ததால்தானோ என்னவோ, ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரார் பிள்ளைகள் எதுவும் தெரியாமல் தினமும் பேசுகிறார்கள். எல்லாம் தெரிந்த நீ பேசாமல் இருக்கிறாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இரவில் கண்விழிக்காதே. இரத்த அழுத்தத்தை இந்த வயதிலிருந்தே பார்த்துக்கொள்; அந்தச் சிறு குழாய்களைக் கெடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. தண்ணீர் குடி.

சொல்லாமல் வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன். 1999 மார்கழியில் உனக்கு ஐந்து வயது. அப்பத்தா மூன்று இரவுகள் தூங்காமல் பேசிக்கொண்டிருந்ததும், தாத்தாவுக்குச் சோறு போட வேண்டும் என்று தெருவாசல் வரை போனதும் உனக்கு நினைவிருக்காது. அரையாண்டு விடைத்தாள்கள் மேசையில் கிடந்தன. பிடிவாதம் என்று நினைத்தேன், அக்கம்பக்கத்தார் முன் மானம் போகிறது என்று நினைத்தேன், அவரை அதட்டினேன். நான்காம் இரவு பின்கட்டு அறையில் படுக்க வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டேன். முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார். காலையில் திறந்தபோது, கதவோரம் தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பின் நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று முந்தைய வாரமே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா வந்து என்னிடம் சொன்னாள். மோர் கொடு என்றேன்.

தை பிறக்கும் முன்பே போய்விட்டார். வயதாகிவிட்டது என்று வந்தவர்களிடம் சொன்னேன், தூக்கத்தில் போய்விட்டார் என்று உன்னிடம் சொன்னேன். சிறுநீரைப் பரிசோதித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. அந்தத் தாழ்ப்பாளைப் போன புதன்கிழமை ஆசாரியை அழைத்துக் கழற்றிவிட்டேன்.

அம்மாவை 22ஆம் தேதி மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். நினைவாற்றல் சோதனையை உடனே செய்யக்கூடாது, இந்தத் தடுமாற்றம் முழுவதும் அடங்கிய பிறகுதான் செய்ய வேண்டும் என்று படித்தேன். மருத்துவரிடம் அதை எப்படிக் கேட்பது, வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. எழுத்து பெரியதாக இருக்கட்டும், அம்மாவும் படிப்பாள்.

இப்படிக்கு,
அப்பா