சின்னவன் எடுத்த பாடப்பிரிவு பற்றி அக்காவுக்கு

மேற்கு டெக்சஸ்,
செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீ, அத்தான், அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல், ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்றைக்கு நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு அங்கேயே கிடக்கிறது. சின்னவனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவுதான் கிடைத்தது என்று சொல்லும்போதே உன் குரல் இறங்கிவிட்டது. கணக்கியலும் தணிக்கையியலும் படிக்கிறான் என்பதை வெளியில் சொல்லாமல், சொந்தக்காரர்களிடம் "காமர்ஸ் குரூப்" என்று மட்டும் சொல்லி அத்தான் சமாளிக்கிறார் என்றாய். சட்டென்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதுதானே அக்கா இங்கே என் வேலையே?

நாங்கள் இருப்பது அபிலீன் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நீ வந்து பார்த்தால் ஆச்சரியப்படுவாய். மண் மட்டும்தான் செம்மண், மற்றபடி நம்ம கோவில்பட்டிக் காடு மாதிரியே இருக்கும். இரண்டு பக்கமும் பருத்தி, இப்போதுதான் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். பக்கத்து ராஸ்கோவில் மட்டும் 627 காற்றாலைகள். 2009-இல் அது முடிந்தபோது உலகத்திலேயே பெரிய காற்றாலைப் பண்ணை அதுதான். இவர் கயத்தாற்றில் பார்த்த அதே வேலையைத்தான் இங்கேயும் பார்க்கிறார், கோபுரம்தான் இன்னும் உயரம். நானோ ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள், அப்புறம் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் கணக்கு எழுதப்போய் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டவள். இங்கே ஆசிரியர் தேர்வு எழுதியபின் இந்த இரண்டுமே வேலைக்கு ஆகிவிட்டது. சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஆள் நாலைந்து பாடம் எடுப்பது வழக்கம். காலையில் அக்கவுண்டிங், மதியம் ஆடியோ வீடியோ புரொடக்‌ஷன்.

இந்த மாநிலத்தில் 2013-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவியல் கணிதம் ஒன்று, வணிகமும் தொழிலும் ஒன்று, பொதுச் சேவை ஒன்று, இப்படி. டாக்டருக்குப் படிக்கப்போகிறவளும் என் கேமரா வகுப்பில் உட்காருவாள், வெல்டிங் படிக்கிறவனும் உட்காருவான். இரண்டாம் ஆண்டு அக்கவுண்டிங்கைக் கணிதப் பாடமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

இதைப் படித்துவிட்டு அமெரிக்காக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்று நினைத்துவிடாதே. தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது 1917-இல். அதற்கப்புறம் எத்தனையோ வருடம், ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் மெக்சிகோ வழிவந்த பிள்ளைகளையும் "உனக்கு இது போதும்" என்று அந்தப் பக்கம் தள்ளிவிடுவதும் நடந்திருக்கிறது. அந்த நினைப்பு முழுக்கப் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எல்லோரும் வந்து உட்காருகிற வகுப்பாக அதை மாற்றியது பிற்பாடுதான். நம் ஊரில் மதிப்பெண் குறைந்தவர்களை மட்டும் அனுப்பும் இடமாக அந்தப் பிரிவை வைத்திருக்கிறோம். குறை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது அக்கா, பாடத்தில் இல்லை, பையனிடமும் இல்லை.

சரி, என் வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் ஊரே ஃபுட்பால் மைதானத்தில் இருக்கும். நம்ம கால்பந்து இல்லை, இது அமெரிக்க ஃபுட்பால். கடை கண்ணி எல்லாம் சாத்திவிடுவார்கள். அந்த ஆட்டத்தை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்புவது என் பிள்ளைகள். இதற்கு ஊர்க் கடைகளில் விளம்பரம் வாங்குவதும் அவர்கள்தான். டயர் கடைக்காரர் ஒருவர் ஆகஸ்டிலேயே பத்து ஆட்டத்துக்கும் சேர்த்து 500 டாலர் செக் கொடுத்துவிட்டார். காலையில் அக்கவுண்டிங் வகுப்பில் ஒரு பையன் அந்த 500-ஐயும் அப்படியே வருமானம் என்று எழுதினான். நான் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த பெண், அவள் கேமரா பிடிக்கிறவள், "இன்னும் ஒரு ஆட்டம்கூட நாம் காட்டவில்லையே, அதற்குள் எப்படி அது நம் பணம்?" என்று கேட்டாள். வகுப்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள்: ரொக்கம் 500 பற்று, முன்கூட்டிப் பெற்ற வருமானம் 500 வரவு. அது பொறுப்புப் பக்கம், அதாவது நாம் இன்னும் தீர்க்க வேண்டிய கடன் பக்கம், நிற்கும். ஒவ்வொரு வெள்ளியும் ஆட்டம் முடிந்தபின் 50 டாலரை மட்டும் வருமானத்துக்கு மாற்ற வேண்டும். இப்போது இரண்டு ஆட்டம் முடிந்திருக்கிறது. 100 டாலர் நம்முடையது, 400 டாலருக்கு இன்னும் அந்தக் கடைக்காரருக்கு வேலை பாக்கி. இடி மின்னல் வந்து ஓர் ஆட்டம் நின்றே போனால் அந்த 50-ஐ என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வந்தது. பி.காம் இரண்டாம் வருடத்தில் நான் மனப்பாடம் பண்ணி எழுதிய விஷயம் அது. பதினாறு வயசுப் பிள்ளைகள் சண்டை போட்டு அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

இங்கே பள்ளிக்கூடம் படிக்கும்போதே பிள்ளைகள் சாயங்காலம் வேலைக்குப் போவார்கள், பெரிய வீட்டுப் பிள்ளைகளும்தான். ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் முதல் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தாள். மணிக்கு 7.25 டாலர், 2009-இலிருந்து இதுதான் குறைந்தபட்சக் கூலி. வாரத்தில் 20 மணி நேரத்துக்கு 145 டாலர் வர வேண்டும், கைக்கு வந்ததோ குறைவு. முதலாளி ஏமாற்றுகிறார் என்று கண் கலங்கிவிட்டாள். பென்சிலை அவள் கையிலேயே கொடுத்தேன். ஓய்வுக்காலப் பணத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி வரி 6.2 சதவீதம், 8.99. முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரி 1.45 சதவீதம், 2.10. முதலாளியும் அவர் பங்குக்கு அதே அளவு கட்ட வேண்டும் என்று காட்டினேன். ஒவ்வொரு வரியாகக் கணக்குப் போட்டு முடித்தபின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் கூலியைத் தானே சரிபார்க்கத் தெரிந்த பிள்ளையை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாதில்லையா?

மதிய வகுப்பு வேறு உலகம். இந்த ஊர்க் காற்றில் மைக்குக்கு உறை போடாமல் ஒரு வார்த்தை பதிவாகாது, அதனால் படத்துக்கு முன்னால் சத்தத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பேட்டி எடுக்கும்போது பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாதே, கொஞ்சம் சும்மா இரு, நல்ல பேச்சு அதற்கப்புறம்தான் வரும். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து விநாடியாவது அசையாமல் பிடி. பெற்றோர் கையெழுத்துப் போடாத பிள்ளைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொள், அவர்கள் முகம் திரையில் வரக்கூடாது. மாணவர் தகவல்களைக் காப்பதற்கு 1974-லேயே இங்கே சட்டம் இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அடுத்தவரைப் படம் பிடிக்கும் முன் கேட்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் பழகிவிடுகிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். மற்ற ஆசிரியர்கள் அவன் வாயைத் திறந்தே பார்த்ததில்லை என்பார்கள். வெள்ளி ராத்திரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எந்தக் கேமராவின் படம் ஒளிபரப்பில் போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்ச்சர் முன்னால் அவன்தான் இருப்பான். நாலு கேமராவின் படமும் எதிரே. விரல் பட்டன்மேல் காத்திருக்கும். "இரண்டாம் கேமரா, பெஞ்சிலேயே இரு, கோச் முகத்தை விடாதே" என்று மெதுவாகச் சொல்வான். நாலு கேமராக்காரர்களும் அவன் சொல்லுக்கு நிற்பார்கள். போன ஆட்டத்தில் ஒரு பையனுக்கு அடிபட்டுத் தரையில் கிடந்தபோது, யாரும் சொல்லாமலே உடனே அகலமான ஷாட்டுக்கு மாற்றிவிட்டான். அந்தப் பையனின் அம்மா வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இந்தப் பக்குவத்தை எந்தப் பரீட்சையில் அளப்பது?

அதனால் அக்கா, அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல். சின்னவன் எடுத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு முடித்தபின் பி.காம் சேரலாம். ஆடிட்டராவதற்கான முதல் தேர்வு சி.ஏ. ஃபவுண்டேஷன், அதை எழுதுவதற்கும் இந்தப் பிரிவு தடை இல்லை. ஆனால் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு வராது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அத்தானுக்குத் தெரிந்த கடலைமிட்டாய்க் கடை இருக்கிறதே, அந்த அண்ணாச்சியிடம் அத்தானே போய்க் கேட்கட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் சின்னவன் அங்கே உட்கார்ந்து அன்றன்றைய வரவு செலவை எழுதட்டும். சம்பளம் எதுவும் வேண்டாம். கடலைக்கும் வெல்லத்துக்கும் கடனாக வாங்கியது, வெளியூர்க்காரர்கள் முன்பணம் கொடுத்தது எல்லாம் கண்ணெதிரே வரும்போது பேரேடு தானாகப் புரியும். அவன் எழுதிய பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல். ஒன்று விடாமல் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

இன்னொன்று. அடுத்த வெள்ளி ராத்திரி ஏழரைக்கு இங்கே ஆட்டம், உங்களுக்குச் சனிக்கிழமை காலை ஆறு மணி. லிங்கை வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். சின்னவனை எழுப்பிவிட்டு அத்தானையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். விளையாட்டு புரியாவிட்டால் பரவாயில்லை. எந்த இடத்தில் சத்தம் சரியில்லை, எந்த விளம்பரம் சரியாகத் தெரியவில்லை என்று சின்னவன் எனக்கு எழுதி அனுப்பட்டும், திங்கட்கிழமை வகுப்பில் அதைப் படித்துக் காட்டுகிறேன்.

அம்மாவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் தங்கை